ஏரியா சபைக்குப் போய் என்ன ஆகப்போகிறது?

மூன்றாம் குறுக்குத் தெரு எழுதியது:

வார்டு மக்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் ஏரியா சபையின் டிசம்பர் 10 கூட்டத்துக்கு எங்கள் பகுதியில் அறிவிப்பு வந்திருக்கிறது. சென்ற முறை ரேஷன் கடைச் சுவரில் முந்தைய நாள் மாலைதான் தாளை ஒட்டினார்கள். இந்த முறை நாள் இருக்கிறது, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

சென்ற கூட்டத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வந்தவர்களில் பெரும்பாலோர் வார்டு உறுப்பினருடன் எப்போதும் கூடவே இருப்பவர்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார்கள். முடித்த பணிகளின் பட்டியலை வாசித்தார்கள். குடிநீர் பற்றி ஒரு பாட்டி சத்தம் போட்டார். "கவனிக்கிறோம் அம்மா" என்றார்கள். தேநீர் வந்தது, கூட்டம் கலைந்தது.

எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் பாதியில் நிற்கிறது. அதன் கடைசிப் பகுதி எந்தக் கால்வாயோடும் சேரவில்லை. இதற்கிடையே பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதில் சாலை உயர்ந்துவிட்டது. முன்பு படியேறி வீட்டுக்குள் போவோம், இப்போது படியிறங்கிப் போகிறோம். மழை பெய்தால் தண்ணீரும் எங்களுடன் இறங்குகிறது. பூங்கா பூட்டிக் கிடக்கிறது. தெருவிளக்குகளில் பாதி எரிவதில்லை.

இந்தச் சபைக்குச் சட்டப்படி ஏதேனும் பலம் உண்டா? அல்லது குடியிருப்போர் நலச் சங்கத்தின் பெயரில் ஆணையரை நேரில் பார்த்து மனு கொடுப்பதுதான் உருப்படியான வழியா?

சந்தேகி எழுதியது:

இரண்டும் வேண்டாம். ஆளும் தரப்பின் வட்டச் செயலாளரைப் போய்ப் பாருங்கள். தெருவிளக்கு மறுநாளே எரியும். ஜனநாயகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மன்றப் பிரிவு (ஓய்வு) எழுதியது:

சந்தேகி சொல்வது தெருவிளக்குக்குச் சரி. வடிகாலுக்குச் செல்லாது. விளக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் முடியும். வடிகாலுக்கு மதிப்பீடு, நிதி ஒதுக்கீடு, நகர்மன்றத் தீர்மானம், ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை எல்லாம் வேண்டும். யாருடைய செல்வாக்காலும் இவற்றில் ஒன்றைக்கூடத் தாண்டிப் போக முடியாது.

நான் நகராட்சி அலுவலகத்தில் மன்றப் பிரிவில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். சகோதரியின் கேள்விக்கு முதலில் சட்டத்தைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம், மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்றது. கிராமங்களுக்கு வந்த 73ஆவது திருத்தத்தில் கிராம சபை இருந்தது. நகரத்துக்கு அப்படி ஒரு சபையே இல்லை. கிராமத்தில் இருப்பவர் எழுந்து நின்று ஊராட்சியின் கணக்கைக் கேட்கலாம், நகரத்துக்குக் குடிவந்தால் அந்த உரிமையை எல்லையிலேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்பதுதான் பல ஆண்டுகளாக நிலைமை. தமிழ்நாட்டில் 2010இல் சட்டத்தைத் திருத்தி வார்டு குழுவையும் ஏரியா சபையையும் சேர்த்தார்கள். ஆனால் விதிகள் வரவில்லை. விதி இல்லாத சட்டத்தை வைத்துக்கொண்டு எந்த அலுவலரும் ஒரு நாற்காலியைக்கூட நகர்த்த மாட்டார். 2016 அக்டோபரில் மன்றங்களின் காலமும் முடிந்தது. 2022 பிப்ரவரி 19 தேர்தல் வரை தனி அலுவலர்கள் ஆட்சிதான். விதிகள் 2022 ஜூனில் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளில், முதல் கூட்டங்கள் நடந்தன. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் முதலமைச்சரே கலந்துகொண்டார்.

விதிப்படி ஒவ்வொரு வார்டையும் மக்கள்தொகைக்கு ஏற்ப ஏரியாக்களாகப் பிரிக்கிறார்கள். அந்த ஏரியாவின் வாக்காளர் பட்டியலில் உள்ள எல்லாரும் சபை உறுப்பினர்களே. யாரும் அழைக்க வேண்டியதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 என்று தேதிகளும் வகுத்திருக்கிறார்கள்.

சபை என்ன செய்யலாம்? பணிகளைப் பரிந்துரைத்து முன்னுரிமை வரிசை போடலாம். விளக்கு, குழாய், பொதுக் கழிப்பறை எங்கே வேண்டும் என்று சொல்லலாம். பயனாளிகளைச் சரிபார்க்கலாம். குடிநீரிலும் தெருவிளக்கிலும் உள்ள குறைகளைப் பதிவு செய்யலாம். அங்கிருந்து, வார்டு உறுப்பினர் தலைமையில் ஏரியா பிரதிநிதிகள் இருக்கும் வார்டு குழுவுக்கும், அதன் வழியாக மன்றத்துக்கும் போகும். மன்றம் அதற்குக் கட்டுப்பட்டதல்ல. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கட்டுப்பட்டதல்ல என்றால் எதற்குப் போக வேண்டும்? தாளுக்காக. பேசியது காற்றோடு போய்விடும், கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் ஏறியது கோப்பாகிவிடும். ஓர் இடம், ஒரு பணி, ஒரு காரணம் என்று தீர்மான வாசகத்தை வீட்டிலேயே எழுதி எடுத்துப் போங்கள். அதைப் படித்துக் காட்டி, பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றும்வரை எழுந்து போகாதீர்கள். எனக்குத் தெரிந்து, முப்பது பேர் முப்பது குறையைச் சொன்ன கூட்டத்தின் குறிப்பில் "பொதுமக்கள் பல்வேறு கோரிக்கைகளை முன்வைத்தனர்" என்று ஒரே வரிதான் இருக்கும். அந்த வரியை நானே எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன்.

இன்னொன்று: டிசம்பர் கூட்டத்தைத் தவற விடாதீர்கள். நிதிநிலை அறிக்கை பிப்ரவரி, மார்ச் வாக்கில் மன்றத்துக்கு வரும். பணிப் பட்டியல் அதற்கு முன்பே தயாராகிவிடும். ஏப்ரலில் போய்க் கேட்டால் "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்பார்கள், அது பொய்யும் அல்ல.

வாடகை வீட்டுக்காரன் எழுதியது:

ஐயா, "வாக்காளர் பட்டியலில் உள்ள எல்லாரும்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள். பதினோரு மாத ஒப்பந்தத்தில் வீடு மாறிக்கொண்டிருக்கிறவனின் வாக்கு மூன்று வீட்டுக்கு முந்தைய முகவரியில் கிடக்கிறது. சபையில் நான் யார்? நலச் சங்கத்திலும் அதே கதைதான். எங்கள் அடுக்ககச் சங்கத்தில் உரிமையாளர்களுக்கு மட்டும்தான் வாக்கு. அமெரிக்காவில் இருக்கும் வீட்டுக்காரர் காணொளியில் வந்து வாக்களிக்கிறார். அதே வீட்டில் இருந்து, அதே தண்ணீரைக் குடித்து, அதே பள்ளத்தில் விழுகிற நான் பராமரிப்புக் கட்டணம் மட்டும் கட்டுகிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் சங்கம் மாநகராட்சிக்குக் கொடுத்த மனு எதற்கு என்று நினைக்கிறீர்கள்? தள்ளுவண்டிக் கடைகளை அகற்றச் சொல்லி. அந்தக் கடையில் சாப்பிடுகிறவர்களெல்லாம் வாடகைக்கு இருப்பவர்கள். குடியிருப்போர் நலம் என்று பெயர்ப் பலகையில் இருக்கிறது, உள்ளே இருப்பது வீட்டு விலை நலம்.

கல்வெட்டுப் பிரியன் எழுதியது:

உத்திரமேரூரில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குடவோலை முறை கண்டவர்கள் நாம். இன்று ஒரு சபையைக் கூட்டுவதற்கு இவ்வளவு தடுமாற்றமா?

வாடகை வீட்டுக்காரன் எழுதியது:

வந்துவிட்டதா உத்திரமேரூர்? அந்தக் கல்வெட்டை முழுதாகப் படியுங்கள் நண்பரே. வாரியத்துக்குப் பெயர் எழுத வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். முதலாம் பராந்தகன் காலத்திலும் என்னை உள்ளே விட்டிருக்க மாட்டார்கள்.

கல்வெட்டுப் பிரியன் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே கல்வெட்டில் இன்னொரு விதியும் இருக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினர்களும் மறுபடி குடத்தில் பெயர் போட முடியாது. அந்த ஒரு விதியை மட்டும் இன்று கொண்டுவந்தால் எத்தனை வார்டில் வேட்பாளர் கிடைப்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

முன்னாள் உறுப்பினர் எழுதியது:

உறுப்பினர்களைத் திட்டும் படலம் தொடங்குவதற்கு முன் நானும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஒரு நகராட்சியில் உறுப்பினராக இருந்தவள் நான். சந்தேகி கேட்பதற்கு முன்பே சொல்கிறேன்: கூட்டங்களுக்கு நான்தான் போனேன், என் கணவர் போகவில்லை.

எல்லாக் குறைக்கும் எங்களிடம் வருகிறீர்கள். எங்களிடம் என்ன அதிகாரம் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. உதவிப் பொறியாளர் ஆணையருக்குப் பதில் சொல்பவர், எனக்கு அல்ல. நகராட்சி உறுப்பினருக்கு மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம் என்பதே 2023 ஜூலையில்தான் வந்தது. அதற்கு முன் கூட்டத்துக்கு வந்தால் அமர்வுப்படி, அவ்வளவுதான். சொந்தப் பணத்தில் பெட்ரோல் போட்டு வார்டைச் சுற்ற வேண்டும். அந்தப் பணத்தை வேறு எங்கே எடுப்பது என்று யோசிப்பவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை.

மூன்றாம் குறுக்குத் தெருவுக்கு என் முதல் கேள்வி: அந்தச் சாலை யாருடையது? சிரிக்காதீர்கள். என் வார்டில் ஒரே தெருமுனையில் சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது, நடைபாதை நகராட்சியுடையது, மின்கம்பம் மின்வாரியத்துடையது, அதில் தொங்கும் விளக்கு நகராட்சியுடையது, மழைநீர் போய்ச் சேரும் ஏரி நீர்வளத் துறையுடையது, ஏரிக்கரையில் உள்ள புறம்போக்கு வருவாய்த் துறையுடையது. அரசியலமைப்பின் 12ஆவது அட்டவணையில் உள்ளாட்சிக்கு 18 பணிகளைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். நகரத் திட்டமிடலே அதில் முதல் பணி. எங்கள் மன்றத்தில் ஒரு நாளாவது நகரத் திட்டத்தைப் பற்றிப் பேசினோமா என்றால் இல்லை. குப்பை, விளக்கு, குழாய், இவைதான்.

உங்கள் வடிகாலின் வாய் அடைபட்டிருப்பது பெரும்பாலும் இந்தத் துறை எல்லையில்தான் இருக்கும். உள்ளாட்சி தன் எல்லைவரை கட்டிவிட்டு நின்றிருக்கும். அதற்கு அப்பால் வேறு துறையின் அனுமதி வேண்டும். அப்படியானால் "வடிகாலை முடித்துத் தர வேண்டும்" என்று தீர்மானம் போட்டால் "எங்கள் பகுதியில் முடிந்துவிட்டது" என்று பதில் வரும். "இணைப்புக்காக இன்ன துறைக்குக் கடிதம் எழுதி, அதன் நகலை அடுத்த சபையில் வைக்க வேண்டும்" என்று போடுங்கள். கடிதம் எழுதுவது உள்ளாட்சியால் முடிகிற காரியம், தட்டிக்கழிக்க முடியாது.

சந்தேகி எழுதியது:

அம்மா, கடைசிப் பத்தி அருமை. ஆனால் வார்டு குழுவின் ஏரியா பிரதிநிதிகளை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. மன்றம் நியமிக்கிறது. அந்தப் பெயர்ப் பட்டியல் எங்கிருந்து வருகிறது என்று ஊருக்கே தெரியும். உறுப்பினர் தலைவர், அவர் சொன்ன ஆட்கள் பிரதிநிதிகள். தன்னைத் தானே கண்காணிக்கும் குழு.

முன்னாள் உறுப்பினர் எழுதியது:

உண்மைதான், மறுக்க மாட்டேன். விதியிலேயே இருக்கும் ஓட்டை அது. ஆனால் நியமனம் என்பதால் ஒதுங்கி நிற்பது அவர்களுக்குத்தான் வசதி. என் அனுபவத்தில், பட்டியல் தயாராகும்போது யாராவது ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரோ, மகளிர் குழுத் தலைவியோ விருப்பம் என்று எழுதிக் கொடுத்தால், எல்லா இடத்திலும் கட்சிக்காரரைப் போட்டுவிட முடியாத நெருக்கடி வரும். யாரும் எழுதிக் கொடுப்பதில்லை.

ஆலந்தூர்வாசி எழுதியது:

சட்டத்தைப் பற்றி நிறையப் பேசிவிட்டீர்கள். விதிகள் எதுவும் இல்லாத காலத்தில் எங்கள் ஊரில் நடந்ததை இளையவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆலந்தூர் அப்போது தனி நகராட்சி. 2011இல்தான் சென்னையோடு சேர்ந்தது. 1990களில் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு கழிவுநீர்த் தொட்டி, லாரி வரவில்லை என்றால் தெருவெல்லாம் ஓடும். கொசுவைச் சொல்ல வேண்டியதில்லை. 1996க்குப் பிறகு நகராட்சித் தலைவராக இருந்த ஆர்.எஸ். பாரதியின் காலத்தில் பாதாளச் சாக்கடைத் திட்டம் வந்தது. நகராட்சியிடம் அவ்வளவு பணம் இல்லை. வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத் தொகை கட்டினால் இணைப்பு என்று முடிவெடுத்தார்கள். குழாய் ஓர் அடிகூடப் பதிக்காத நிலையில், அந்தக் காலத்து 5,000 ரூபாய்! யார் கொடுப்பார்கள்?

கொடுத்தார்கள். அதற்குக் காரணம் எங்கள் பகுதியின் நலச் சங்கங்கள். நகராட்சியின் வாக்கை நம்பாதவர்கள் பக்கத்துத் தெரு சங்கச் செயலாளரின் வாக்கை நம்பினார்கள். தெருவுக்குத் தெரு கூட்டம் போட்டு, திட்டம் என்ன, மாதக் கட்டணம் என்ன, பணம் எங்கே இருக்கும் என்று விளக்கினார்கள். வாங்கிய பணத்தைத் தனிக் கணக்கில் வைத்தது பெரிய விஷயம். நகராட்சியின் பொதுக் கணக்கில் போட்டிருந்தால் சம்பளத்துக்கும் மின்கட்டணத்துக்கும் போயிருக்கும், மக்களும் கொடுத்திருக்க மாட்டார்கள். மக்கள் பணம் ஒரு பங்கு, கடனும் மானியமும் மீதி, பெருங்குடியில் சுத்திகரிப்பு நிலையம் தனியார் பங்கேற்பில். இந்தியாவின் நகர நிர்வாகப் பாடங்களில் ஆலந்தூரை இன்றும் உதாரணம் காட்டுகிறார்கள்.

சந்தேகி எழுதியது:

ஐயா, மதிக்கிறேன். ஆனால் இந்தக் கதையின் மறுபக்கத்தையும் பாருங்கள். நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு தரும். எந்தத் தெரு மூன்றில் ஒரு பங்கைப் போட முடியும்? ஏற்கெனவே சாலை நன்றாக இருக்கும் தெரு. அங்கே அரசுப் பணம் போய், பூங்காவில் நடைப்பயிற்சிப் பாதை வரும். வாய்க்கால் ஓரத்துக் குடிசைப் பகுதியில் இருப்பவர்கள் பங்குத் தொகைக்கு எங்கே போவார்கள்? சொத்து வரியும் கட்டி, பங்கும் கட்டித்தான் சாக்கடை வேண்டுமா?

ஆலந்தூர்வாசி எழுதியது:

நியாயமான கேள்வி. எங்கள் ஊரிலும் குடிசைப் பகுதிகளுக்குத் தனி ஏற்பாடு வேண்டும் என்ற பேச்சு அப்போதே இருந்தது. ஆனால் பணம் கொடுத்தவன் கேள்வி கேட்பான் என்பதையும் கண்ணால் பார்த்தேன். தெருவைத் தோண்டிப் போட்டுவிட்டுப் போன ஒப்பந்தக்காரரை எங்கள் தெருப் பெண்கள் வழிமறித்து நிறுத்தினார்கள். வரியாகக் கொடுத்த பணத்துக்கு அந்தக் கோபம் வருவதில்லை. ஏன் வருவதில்லை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பாலக்காட்டுத் தமிழன் எழுதியது:

கேரளத்தில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். 1996இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தார்கள். சபையை முதலில் உண்டாக்கி, பணத்தைப் பிறகு பார்க்கலாம் என்று அவர்கள் நினைக்கவில்லை. பணத்தை மேசையில் வைத்துவிட்டு ஊரைக் கூட்டினார்கள். கூட்டம் வந்தது.

அங்கேயும் நோய் உண்டு. வீடு, ஆடு, கழிப்பறை என்று பயனாளிப் பட்டியல் வரும் நாளில் கூட்டம் நிரம்பும். வளர்ச்சித் திட்டம் பற்றிப் பேசும் நாளில் குறையும். மாதச் சம்பளக்காரர்கள், வெளிநாட்டுப் பணம் வருகிற வீட்டுக்காரர்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. நம் பக்கம் நலச் சங்கங்களில் வீட்டுக்காரர்கள் மட்டும், அங்கே சபைகளில் ஏழைகள் மட்டும். இரண்டு தரப்பும் ஒரே கூடத்தில் உட்காரும் ஏற்பாட்டை நான் இன்னும் பார்க்கவில்லை.

புனேயில் 2006 முதல் வேறொரு முறை இருக்கிறது. கூட்டம் போடாமல், குடிமக்கள் படிவத்தில் தங்கள் பகுதிக்கான சிறு பணிகளை எழுதிக் கொடுக்கலாம், அவற்றில் சிலவற்றை நிதிநிலை அறிக்கையில் சேர்ப்பார்கள். பேச வராதவர்களுக்கு அது தோது. பெரிய பணிகள் அதில் வராது.

தார்க்கலவை எழுதியது:

நான் சாலைப் பணிகளில் இருக்கும் கட்டுமானப் பொறியாளர், ஒப்பந்தக்காரர் தரப்பில். அதனால் பெயர் வேண்டாம்.

சாலை உயர்ந்துவிட்டது என்று சொன்னீர்கள். பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் புதியதைப் போட வேண்டும். துறையில் இதற்கு மில்லிங் என்று பெயர். 2021 மே மாதத்தில் அப்போதைய தலைமைச் செயலர் இறையன்பு, சுரண்டாமல் சாலை போடக் கூடாது, மட்டம் உயரக் கூடாது என்று எல்லாத் துறைகளுக்கும் கடிதமே எழுதினார். ஆகவே இது நீங்கள் கெஞ்சிக் கேட்க வேண்டிய சலுகை அல்ல.

எல்லாரும் சாலை போட்டு முடித்த பிறகு புகார் எழுதுகிறார்கள். அது வீண். பணி ஆணை வந்தவுடன் மதிப்பீட்டைக் கேளுங்கள். மதிப்பீட்டில் மில்லிங் என்ற இனம் இருக்கிறதா, எத்தனை சதுர மீட்டர், தார் அடுக்கின் கனம் எத்தனை மில்லிமீட்டர் என்று இருக்கும். பிறகு அளவைப் புத்தகத்தின் நகல். நாங்கள் எம் புக் என்போம். அதில் எழுதிய அளவுக்குத்தான் எங்களுக்குப் பணம் வரும். மதிப்பீட்டில் மில்லிங் இருந்து, தெருவில் இயந்திரமே வராமல், எம் புக்கில் அளவு ஏறியிருந்தால் அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

தகவல் உரிமைச் சட்டம் என்றால் தாளில் பதில் வாங்குவது என்று மட்டும் நினைக்கிறார்கள். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(j) பிரிவில் பணியை நேரில் ஆய்வு செய்யும் உரிமையும், பொருளின் சான்றிட்ட மாதிரி எடுக்கும் உரிமையும் இருக்கின்றன. "சாலைப் பணியை ஆய்வு செய்து, கலவையின் மாதிரி எடுக்க விரும்புகிறேன்" என்று ஒருவர் மனுப் போட்டிருக்கிறார் என்ற செய்தி வந்தாலே பணியிடத்தில் நடத்தை மாறும். எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று, குறைபாட்டுப் பொறுப்புக் காலம். புதிய சாலை அந்தக் காலத்துக்குள் பெயர்ந்தால் ஒப்பந்தக்காரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். அது என்றைக்கு முடிகிறது என்று ஒப்பந்தத்தில் இருக்கும். தெருவில் ஒருவராவது அந்தத் தேதியை எழுதி வைத்திருந்தால், முடிவதற்கு ஒரு மாதம் முன்பு பள்ளங்களைப் படம் எடுத்துக் கடிதம் கொடுக்கலாம். தேதி கடந்த பிறகு கொடுத்தால் அதே பள்ளத்துக்கு மறுபடியும் மக்கள் வரிப்பணம்தான் போகும்.

குளக்கரை எழுதியது:

மனு, தீர்மானம், தகவல் உரிமை மனு என்று படித்துத் தலை சுற்றுகிறது. கோவையில் 2017 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் தன்னார்வலர்கள் கூடிக் குளங்களைச் சுத்தம் செய்கிறோம். நீர்வழித் தடத்தைத் தூர்வாரியதால் நீண்ட காலம் வறண்டு கிடந்த குளத்தில் தண்ணீர் நிற்பதைப் பார்த்தால் கிடைக்கும் மகிழ்ச்சியை எந்தத் தீர்மானமும் தராது. மண்வெட்டியை எடுங்கள் நண்பர்களே.

மன்றப் பிரிவு (ஓய்வு) எழுதியது:

தம்பி, உங்கள் வேலையை வணங்குகிறேன். ஆனால் குளத்தில் மண்வெட்டி போடுவதற்கு முன் நீங்களும் அனுமதிக் கடிதம் வாங்கியிருப்பீர்கள். அந்தக் கடிதத்தை யாரோ ஒருவர் அலைந்து வாங்கியிருப்பார். அவர் படத்தில் இருக்க மாட்டார்.

குளக்கரை எழுதியது:

ஆமாம் ஐயா. எங்கள் குழுவில் ஓர் அக்கா அதற்காகவே இருக்கிறார். மண்வெட்டி தொட்டதே இல்லை. அவர் வராத மாதங்களில் எங்களுக்கு வேலையே நடப்பதில்லை.

மூன்றாம் குறுக்குத் தெரு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு தெருவில் சிலர் உட்கார்ந்து ஒரு வரைவு எழுதினோம். பார்த்துச் சொல்லுங்கள்:

"எங்கள் பகுதியில் பாதியில் நிற்கும் மழைநீர் வடிகாலை உடனடியாக முடிக்கவும், உயர்ந்துள்ள சாலையின் மட்டத்தைக் குறைக்கவும், எரியாத தெருவிளக்குகளைச் சரிசெய்யவும், பூங்காவைத் திறக்கவும், கொசுத் தொல்லையைக் கட்டுப்படுத்தவும் இச்சபை மாநகராட்சியைக் கேட்டுக்கொள்கிறது."

மன்றப் பிரிவு (ஓய்வு) எழுதியது:

இது தீர்மானம் அல்ல சகோதரி, திருமணச் சீர்வரிசைப் பட்டியல். ஐந்து பொருள், ஐந்து பிரிவு. சுகாதாரப் பிரிவு கொசுவுக்கு மருந்து அடித்துவிட்டு "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று எழுதினால் முழுத் தீர்மானமும் முடிந்த கணக்கில் போய்விடும்.

விளக்கைத் தீர்மானத்திலிருந்து எடுத்துவிடுங்கள். கம்பங்களின் எண்ணைக் குறித்து, சென்னை என்றால் 1913, மற்ற ஊர் என்றால் உங்கள் உள்ளாட்சியின் புகார் எண்ணில் இன்றே பதிவு செய்யுங்கள். கம்பத்தின் எண் இல்லாமல் "எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை" என்று சொன்னால் ஆள் வந்து, எரிகிற விளக்கைப் பார்த்துவிட்டுப் போவார். பூங்காவைத் தனித் தீர்மானமாக, இரண்டாவதாக வையுங்கள். வடிகாலுக்கு இப்படி எழுதலாம்:

"இன்ன தெருவில், இன்ன கதவு எண்ணிலிருந்து இன்ன கதவு எண் வரை கட்டப்பட்டுள்ள மழைநீர் வடிகால், இன்ன கால்வாயுடன் இணைக்கப்படாமல் உள்ளது. இணைப்புப் பணிக்கான மதிப்பீட்டைத் தயாரித்து வரும் நிதியாண்டின் பணிப் பட்டியலில் சேர்க்கவும், பிற துறையின் அனுமதி தேவைப்படின் அத்துறைக்குக் கடிதம் அனுப்பி அதன் நகலை அடுத்த ஏரியா சபைக் கூட்டத்தில் வைக்கவும், இணைப்பு முடியும்வரை இத்தெருவில் மேல்தார் அடுக்கு இடாதிருக்கவும் இச்சபை பரிந்துரைக்கிறது."

"உடனடியாக" என்ற வார்த்தையை எங்கும் போடாதீர்கள். அதற்கு அலுவலகத்தில் பொருளே கிடையாது. தேதி போடுங்கள், அல்லது "அடுத்த கூட்டத்துக்குள்" என்று போடுங்கள்.

முன்னாள் உறுப்பினர் எழுதியது:

ஐயா எழுதியது நன்றாக இருக்கிறது. நான் ஒன்று சேர்க்கிறேன். கூட்டத்துக்கு முன்பே இந்தத் தாளை உங்கள் உறுப்பினரிடம் காட்டிவிடுங்கள். கூட்டத்தில் திடீரென்று எடுத்து நீட்டினால் தன்னை அவமானப்படுத்த வந்ததாக எடுத்துக்கொள்வார், அதன்பிறகு தெருவே எதிர்க்கட்சி. முன்பே காட்டினால் "இதை நானே முன்மொழிகிறேன்" என்று சொல்லவும் வாய்ப்பு உண்டு. பெயர் அவருக்குப் போகட்டும். வடிகால் உங்களுக்கு வரட்டும்.

சந்தேகி எழுதியது:

கடைசியில் நான் முதலில் சொன்ன இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள். ஆளைப் பார்.

முன்னாள் உறுப்பினர் எழுதியது:

இல்லை தம்பி. நீங்கள் தாள் இல்லாமல் போகச் சொன்னீர்கள். தாள் இல்லாமல் வருகிறவர் எனக்குக் கடன்படுவார். தாளோடு வருகிறவரிடம் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டு விதமாகவும் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் குறுக்குத் தெரு எழுதியது:

கூட்டக் குறிப்பின் நகலைத் தர மறுத்தால்?

மன்றப் பிரிவு (ஓய்வு) எழுதியது:

பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு மனு. "இன்ன தேதியில் நடந்த ஏரியா சபைக் கூட்டத்தின் வருகைப் பதிவேடு, நடவடிக்கைக் குறிப்பு ஆகியவற்றின் நகல்." முப்பது நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. "ஏன்", "எதற்காக" என்ற கேள்விகளை மனுவில் கேட்காதீர்கள். ஆவணத்தை மட்டும் கேளுங்கள்.

வாடகை வீட்டுக்காரன் எழுதியது:

என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றும் படிவம் 8ஐ இணையத்தில் திறந்து பார்த்தேன். பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் கேட்கிறது. எங்கள் வீட்டுக்காரர் பதிவே செய்ய மாட்டார்.

தார்க்கலவை எழுதியது:

அது பல சான்றுகளில் ஒன்று மட்டும்தான். இப்போதைய முகவரி உள்ள வங்கிக் கணக்குப் புத்தகமோ ஆதாரோ போதும். நானும் வாடகை வீட்டில்தான் இருக்கிறேன், வங்கிப் புத்தகத்தை வைத்துத்தான் மாற்றினேன். வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். பகலில் ஆள் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் உங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுத்து வையுங்கள். டிசம்பர் கூட்டத்துக்குள் பெயர் ஏறுவது சந்தேகம். ஆனாலும் போங்கள். சபையில் வாசலில் நின்று வாக்காளர் அட்டையைச் சோதித்து நான் எங்கும் பார்க்கவில்லை.